ரே யூரிக்கு 8 தங்கமா, 10 தங்கமா?

அமெரிக்கத் தடகள வீரர் ரே யூரியின் ஒலிம்பிக் தங்கம் ஒரு பட்டியலில் 8, இன்னொன்றில் 10 என்று இருக்கிறதே, எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். வினாடி வினாவுக்கு 8 என்றே எழுதுங்கள். நீங்கள் பார்த்த இரண்டு பட்டியலுமே தப்பில்லை; குழப்பத்துக்குக் காரணம் 1906 ஏதென்ஸ் போட்டி.

யூரி, நின்ற இடத்திலிருந்தே தாண்டும் போட்டிகளில் 1900-லும் 1904-லும் மும்மூன்று, 1908-ல் இரண்டு தங்கம் வென்றவர். சிறுவயதில் போலியோ தாக்கியவர் என்பது இன்னொரு ஆச்சரியம். 1906-ல் வென்ற இரண்டையும் சேர்த்தால் 10. அந்தப் போட்டியைச் சர்வதேச ஒலிம்பிக் குழு அப்போது அங்கீகரித்திருந்தது, ஆனால் பின்னாளில் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டது.

என்னைக் கேட்டால் அது அநியாயம். 1900-ல் பாரிஸிலும் 1904-ல் செயின்ட் லூயிஸிலும் ஒலிம்பிக் உலகக் கண்காட்சியின் வாலாக மாதக்கணக்கில் இழுபட்டது. ஏதென்ஸில் இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. வீரர்கள் நாடுவாரியாகக் கொடி பிடித்து முதன்முதலில் அணிவகுத்ததும் அங்கேதான்.

கொடி என்றதும் ஒன்று. நீளம் தாண்டுதலில் இரண்டாமிடம் பிடித்த அயர்லாந்துக்காரர் பீட்டர் ஓ'கானருக்காக பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார்கள். மனுஷன் அயர்லாந்தின் பச்சைக்கொடியோடு கம்பத்தில் ஏறிவிட்டார்! கீழே சக வீரர் கான் லேஹி காவல்.

அப்புறம், நடுவர் 10 என்று அடம்பிடித்தால் '1906-ஐச் சேர்த்தா?' என்று கேளுங்கள்.