தடித்த மண்சுவர் மட்டும் போதுமா?

கேள்வி: லடாக்கில் மைனஸ் 20 டிகிரிக் குளிரிலும் மண்வீடுகளை வெயிலாலேயே கதகதப்பாக வைக்கலாமாமே? சுவரைத் தடிமனாகக் கட்டினால் போதுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: போதாது. மண்சுவர் வெப்பத்தைச் சேமிக்கும்; வெளியேறாமல் தடுக்காது. எனவே வடக்கு, கிழக்கு, மேற்குச் சுவர்களை இரட்டையாகக் கட்டி, நடுவே 10 செ.மீ. இடைவெளியில் வைக்கோலோ மரத்தூளோ அடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தது மட்டுமே. ஈரமிருந்தால் மக்கிக் கீழிறங்கி, மேலே வெற்றிடம் விழும். சூடு அந்த வழியே போய்விடும்.

வீட்டின் நீளப்பக்கம் தெற்கு பார்க்கட்டும். லடாக்கின் லே நகரம் 34 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், டிசம்பர் நண்பகல் வெயில் சுமார் 32 டிகிரி உயரத்திலிருந்து சாய்வாக உள்ளே நுழையும். (ஜூனில் சுமார் 79 டிகிரி; சிறிய தாழ்வாரமே மறைத்துவிடும்.) தெற்குச் சுவரில் ஒரு பகுதிக்குக் கறுப்பு பூசி, சுமார் 10 செ.மீ. தள்ளிக் கண்ணாடி பொருத்துங்கள். 30 செ.மீ. மண்கல் சுவரைக் கடந்து பகல் சூடு உள்ளே வர இரவாகிவிடும். தேவைப்படும் நேரமும் அதுதான். அந்தச் சுவரின் மேற்பகுதியிலும் அடிப்பகுதியிலும் காற்றுத்துளை வைத்தால் இரவில் கட்டாயம் மூடுங்கள். மறந்தால் காற்று எதிர்த்திசையில் சுழன்று அறையைக் குளிர்விக்கும்.

கண்ணாடிக்குப் பணம் போதாவிட்டால், புறஊதாக் கதிரைத் தாங்கும் பாலித்தீன் விரிப்பைத் தெற்குப் பக்கம் கட்டலாம். கோடையில் சுருட்டிவிட வேண்டும். கூரையில் பாப்லர் மர உத்தரம், வில்லோ மரக் குச்சிகளுக்கு மேல் மண் போடும் முன், அங்கும் தடிமனான வைக்கோல் அடுக்கு அவசியம்.