எம்.எஸ்சி நர்சிங் படிக்கலாமா? நைட் டூட்டிக்குப் பயந்து என்றால் வேண்டாம்

கேள்வி: பி.எஸ்சி நர்சிங் முடித்து இரண்டு வருடமாகத் தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். எம்.எஸ்சி நர்சிங் படித்தால் சம்பளம் கூடுமா? படிப்பு கஷ்டமா?

சம்பளத்தை முதலில் கேட்டிருக்கிறீர்கள், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கூடவில்லை. குறைந்தது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் நானே ஊகித்துக்கொள்கிறேன். மாதம் பத்துப் பன்னிரண்டு நைட், ஆஃப் கேட்டால் முகத்தைத் திருப்பும் இன்சார்ஜ், "எத்தனை நாளைக்குத்தான் இப்படி" என்று வீட்டில் பேச்சு. எம்.எஸ்சி முடித்துவிட்டால் காலேஜ் வேலை, காலை போய் சாயங்காலம் வந்துவிடலாம், ஞாயிறு லீவு. 2013-ல் நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் போனேன். அப்போது ஸ்டாஃப் நர்ஸாக 13,500 வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் சம்பளமே இல்லாமல், அம்மாவின் வளையலை அடகு வைத்துப் படித்து முடித்து, ஒரு கல்லூரியில் டியூட்டராகச் சேர்ந்தபோது கொடுத்தது 12,000. சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட் அத்தனையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள்.

எல்லாக் கல்லூரியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்களில் படித்தவர்கள் வந்து "எங்கள் அனுபவம் வேறு" என்பார்கள். இருக்கட்டும், சந்தோஷம். 1946-லேயே பி.எஸ்சி நர்சிங் தொடங்கிய இடத்தையும், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூன்று மாடி வாடகைக் கட்டடத்தில் நடக்கும் கல்லூரியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வாத்தியார் வேலையை மட்டமாகப் பேசுகிறேன் என்றும் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்குக் கற்றுக்கொடுத்த மேடம்களை இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

படிப்பு கஷ்டமா என்றால், பாடம் கஷ்டமில்லை. இரண்டு வருடம். பி.எஸ்சியில் 55 சதவீதம், அதற்குப் பிறகு ஒரு வருட அனுபவம், நர்சிங் கவுன்சில் பதிவு இருந்தால் விண்ணப்பிக்கலாம். மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என்று ஐந்து பிரிவு. நான் மெடிக்கல் சர்ஜிக்கல். கஷ்டம் டிசர்டேஷன்தான், அதாவது நாமே ஓர் ஆய்வு செய்து எழுதிக் கொடுக்கும் ஆய்வேடு. எங்கள் பேட்சில் பாதிப் பேருக்கு ஒரே தலைப்பு, நோயின் பெயர் மட்டும் மாறும்: இன்ன நோயாளிகளுக்கு வகுப்பெடுத்தால் இன்ன விஷயத்தில் அறிவு கூடுகிறதா? முன்னால் ஒரு கேள்வித்தாள், வகுப்பு, பின்னால் அதே கேள்வித்தாள். கூடத்தானே செய்யும்! அதற்கு 't' டெஸ்ட் என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டு, நோயாளி தன்னைத் தானே கவனித்துக்கொள்வதைப் பற்றிய ஓரெம் தியரியை ஒரு கட்டம் கட்டமான படமாக வரைந்து, ஐந்து நிபுணர்களிடம் கையெழுத்துக்கு அலைந்து, பைண்டிங் போட்டால் முடிந்தது.

என் தலைப்பு சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு. சாம்பிள் 60 நோயாளிகள். கேள்வித்தாளோடு மோனோஃபிலமென்ட் டெஸ்டும் சேர்த்திருந்தேன். அது ஒரு நைலான் இழை, பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துகொடுக்கும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் பத்து இடத்தில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓ.பி.யில் ஒரு தாத்தா, லாரியில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தவர். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். வலது காலில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். ஆறாவது இடம் முடிந்ததும் கேட்டார், "இன்னும் ஆரம்பிக்கலையா தாயி?"

பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே ஐம்பது பைசா அளவுக்குப் புண். ஓரமெல்லாம் காய்ப்பு ஏறி வெளுத்திருந்தது. அவருக்குத் தெரியவே தெரியாது. செருப்பை எடுத்துப் பார்த்தால், அடியில் ஒரு ஆணி தலைகீழாக ஏறி நிற்கிறது. எத்தனை நாளாக அதன் மேல் நடந்தாரோ.

டிரெஸ்ஸிங் போட்டு சர்ஜரி ஓ.பி.க்கு நானே கூட்டிப்போனேன். திரும்பி வந்ததும் என் கைடு சொன்னது: "அவரை சாம்பிளில் சேர்க்காதே. காலில் புண் இருப்பவர்கள் உன் ஸ்டடியில் கிடையாதே." உண்மைதான். அந்த விதியை எழுதியவளே நான்தான். பாதத்தைப் பற்றி 120 பக்கம் எழுதினேன், அதில் நான் பார்த்த முக்கியமான பாதம் இல்லை. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் அன்றிலிருந்து யார் சர்க்கரை என்று அட்மிட் ஆனாலும் முதலில் செருப்பைத் திருப்பிப் பார்ப்பேன். காலேஜில் பாடம் நடத்தும்போது அந்தக் கை சும்மா இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பதினோரு மாதத்தில் சர்டிபிகேட்டுகளைச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வார்டுக்கே திரும்பிவிட்டேன். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "எம்.எஸ்சி படிச்சுட்டா இன்னும் ஊசி போட்டுட்டு இருக்கே?"

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். நர்சிங் மேனேஜ்மென்ட் பேப்பரில் இதை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி மார்க் வாங்கினேன். போன மாதம் ஒரு நைட்டில் 28 பேருக்கு நான் ஒருத்தி. மே 12, நர்ஸ்கள் தினம் வந்தால் மட்டும் வெள்ளைப் புடவை கட்டி மெழுகுவர்த்தி பிடிக்கச் சொல்லி போட்டோ எடுப்பார்கள், கேக் வெட்டுவார்கள். அந்த கேக் காசுக்கு ஒரு நைட்டுக்காவது கூட ஓர் ஆளைப் போடுங்களேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாடுதான் குறி என்றால் இந்த இரண்டு வருடத்தை ஐ.சி.யூ.விலேயே போடுங்கள், கூடவே ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக்கோ வளைகுடா லைசென்ஸ் தேர்வுக்கோ படியுங்கள். அங்கே ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்குப் பார்ப்பது படுக்கைப் பக்கத்தில் நின்ற அனுபவத்தை. ஐ.சி.யூ. நிஜமாகவே பிடித்திருந்தால் நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிகல் கேர் என்று தீவிர சிகிச்சைக்கே ஒரு பட்டமேற்படிப்பு இருக்கிறது, அதுவும் இரண்டு வருடம், ரெசிடென்சி முறை, அதாவது பெரும்பாலும் வார்டிலேயே வேலை பார்த்துக்கொண்டே படிப்பு. எனக்கு அப்போது அது இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். பாடம் நடத்துவதுதான் ஆசை என்றால் எம்.எஸ்சி தாராளமாகச் சேருங்கள், ஆனால் சென்னை, மதுரை அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைக்குமா என்று பார்த்த பிறகு தனியாருக்குப் போங்கள்.

எதை எடுத்தாலும், விண்ணப்பம் போடப் போகிறேன் என்று இப்போதே வார்டில் வாய் திறக்காதீர்கள். முதலில் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டைத் தேதியோடு, ஐ.சி.யூ. என்ற வார்த்தையோடு, சீல் வைத்துக் கையில் வாங்கிவிடுங்கள். நான் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு அதைக் கேட்டேன், நாற்பது நாள் நடந்தேன்.