கைப்பேசியில் அவள் செய்துகொண்டிருப்பது படிப்புதான்

அன்புள்ள அம்மா,

வணக்கம். மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க நேற்று நீங்களும் உங்கள் கணவரும் அவருடைய அண்ணனும் என் எதிரில் அமர்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் உங்கள் மகள் வாய் திறந்து பேசியது நான்கு வாக்கியங்கள்தாம். பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் வேளையில் நாளெல்லாம் கைப்பேசியும் கையுமாக இருக்கிறாள் என்றும், ஏதோ ஓர் அயல்மொழியை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள் என்றும், கணினிப் பொறியியலில் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று இரவில் உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை என்றும் சொன்னீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான், கவலைப்படாதீர்கள் என்று நானும் ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அந்த ஆறுதலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நீங்கள் மூவரும் எழுந்து வெளியே சென்ற பிறகு அவள் தயங்கித் தயங்கி என்னிடம் காட்டியதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவளுடைய கைப்பேசியில் ஆங்கி என்றொரு செயலி இருக்கிறது. 2006-இல் வெளிவந்தது. கற்றதை மறக்கப்போகும் தறுவாயில் மீண்டும் நம் முன் கொண்டுவந்து நிறுத்துவது அதன் வேலை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, மறதி எந்த வேகத்தில் நிகழ்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. அச்செயலியில் அவள் தானே உருவாக்கிய ஜப்பானிய அட்டைகள் ஆயிரத்தைத் தாண்டியிருக்கின்றன. தனிச்சொற்களைக் குவித்து வைக்காமல், ஒவ்வோர் அட்டையிலும் ஒரு முழு வாக்கியத்தையும் அதன் ஒலிப்பதிவையும் தமிழில் ஒரு சிறு குறிப்பையும் வைத்திருக்கிறாள். ஜப்பானிய மொழியில் அத்தையைக் குறிக்கும் சொல்லுக்கும் பாட்டியைக் குறிக்கும் சொல்லுக்கும் ஓர் உயிரொலியின் நீளம் மட்டுமே வேறுபாடு; முன்னது 'ஒபசன்', பின்னது 'ஒபாசன்'. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களுக்கு இந்த வேறுபாட்டைக் காதில் வாங்கவே நெடுநாள் பிடிக்கிறது. உங்கள் மகள் அந்த அட்டையின் அடியில் 'கல், கால் போல' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். நான் அந்த மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன், அம்மா. கற்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு தெரியாத ஒன்றுக்கு அவரை அழைத்துச் செல்வதுதான் ஆசிரியத் தொழிலின் உயிர்.

இன்னொரு பக்கத்தையும் காட்டினாள். தமிழ் கற்கும் ஒரு ஜப்பானியப் பெண்ணுக்காக, 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு வட்டங்கள் வரைந்து விளக்கியிருந்தாள்; கேட்பவர் முதல் வட்டத்துக்கு உள்ளே இருக்கிறார், இரண்டாவதற்கு வெளியே நிற்கிறார். இப்படி இணையத்தில் முகமறியாதவரோடு பேசுவது பற்றி உங்களுக்கு எழும் அச்சம் நியாயமானது. அவளுக்கு 18 வயது நிறையும் வரை, யாரோடு எந்த நேரத்தில் பேசுகிறாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பேச்சு வீட்டுக் கூடத்தில், உங்கள் கண்முன் நடக்கட்டும். இதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன், அவளும் ஒப்புக்கொண்டாள். அதற்காகக் கைப்பேசியையே பிடுங்கி வைப்பது, எழுதும் பிள்ளையின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குவதாகும்.

இனிப் பெரியப்பா சொன்னதற்கு வருகிறேன். கணினிப் பொறியியல் படித்தால்தான் நாலு பேர் மதிப்பார்கள் என்றார்; மொழிபெயர்க்க இயந்திரம் வந்துவிட்ட காலத்தில் மொழி படித்து என்ன செய்வது என்றும் கேட்டார். முதல் கருத்தை நான் ஏற்கவில்லை. அந்த நாலு பேர் கல்லூரிக் கட்டணத்தில் பங்கு போடப்போவதில்லை. உங்கள் மகளுக்குக் கணக்கின் மேல் வெறுப்பு இல்லை, ஈர்ப்பும் இல்லை. அவள் வாங்கும் மதிப்பெண்ணுக்குக் கட்டணம் மிகுந்த இடமே கிடைக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். அந்தக் கட்டணத்தையும் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். ஈர்ப்பில்லாத படிப்புக்காகக் கடன் வாங்குவதை நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன். வேலை உறுதியில்லை, வட்டி உறுதி. முதலாண்டிலேயே மனம் விட்டுப்போய், முடிக்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் நின்ற பிள்ளைகளை என் அறையில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி, அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவை 2006-இல் தொடங்கியது; 2016-இல், எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறிய பிறகு அதன் தரம் வெகுவாக உயர்ந்தது. கடிதங்களையும் கையேடுகளையும் வரிக்கு வரி பெயர்த்துத் தரும் வேலையை நம்பி ஒரு பிள்ளையை இன்று அனுப்ப மாட்டேன். ஆனால், மணமுடித்துச் சென்ற வீட்டாரோடு அவர்கள் மொழியில் பேச விரும்புகிறவருக்காகவும், வேறு மொழி பேசும் நோயாளியின் வலியை அவர் சொல்லிலேயே கேட்க விரும்பும் செவிலிக்காகவும், பாட்டியின் மொழியைப் பேச விரும்பும் பேரக்குழந்தைக்காகவும் எந்த இயந்திரமும் மொழியைக் கற்றுவிட முடியாது. கற்க விரும்புகிறவர் தாமேதான் கற்றாக வேண்டும். அவருக்கு ஓர் ஆசிரியரும், படிப்படியாக அமைந்த பாடப்பொருளும் தேவைப்படுகின்றன.

வழக்கமான பட்டப்படிப்புகளையும் நுழைவுத் தேர்வுகளையும் பற்றி உறவினர்கள் உங்களுக்கு வேண்டிய அளவு சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். நேற்று யாரும் பேசாத ஒரு வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தன் தாய்மொழியை, அது தெரியாதவர்களுக்கு இணையவழி கற்பிப்பதும், அதற்கான பாடங்களை உருவாக்குவதும்தான் அந்த வழி.

தமிழ் பேசத் தெரிந்த எவரும் தமிழ் கற்பித்துவிடலாம் என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. பிறந்தது முதல் பேசிவரும் மொழியின் விதிகள் நம் கண்ணில் படுவதே இல்லை. 'எனக்குத் தமிழ் தெரியும்' என்பதில் 'நான்' ஏன் 'எனக்கு' ஆனது என்று ஓர் அயலார் கேட்டால் நம்மில் எத்தனை பேர் தடுமாறாமல் பதில் சொல்வோம்? நூலைப் பார்த்து 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று கற்ற ஒருவர், தொலைபேசியில் 'வந்துட்டிருக்காங்க' என்று கேட்டதும் வேறு மொழியோ என்று திகைக்கிறார். எழுத்து வழக்கை முதலில் தொடங்குவதா, பேச்சு வழக்கையா, இரண்டையும் எந்தப் பாடத்தில் சந்திக்க வைப்பது என்பதெல்லாம் தமிழாசிரியர் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே எடுக்க வேண்டிய முடிவுகள். மொழியே அறியாமல் வரும் வளர்ந்தவர் ஒருவகை. வீட்டில் கேட்டுக் கேட்டு எல்லாம் புரிந்தும் பேச நாவெழாத பிள்ளை இன்னொருவகை. ஒருவருக்கான பாடம் மற்றவருக்கு உதவாது.

பிற மொழிகளுக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜெர்மன் கற்க டாய்ச்ச வெல்லே என்ற ஒலிபரப்பு நிறுவனம் தொடக்க நிலையிலிருந்து இடைநிலை வரை காணொளிப் பாடங்களை இலவசமாகவே தருகிறது. ஜப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்பும் பல மொழிகளின் வழியே ஜப்பானியப் பாடங்களை நடத்துகிறது. தமிழுக்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களை மின்னூல்களாகச் சேர்த்துவைத்திருக்கிறது. 2001-இல் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகம் அயலகத் தமிழர்களை மனத்தில் கொண்டு சான்றிதழ்ப் பாடங்கள் முதல் பட்டம் வரை அமைத்திருக்கிறது. இவை பெரும் உழைப்பால் விளைந்தவை. ஆயினும், மெதுவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாக வேகம் கூடும் பேச்சுத் தமிழ் ஒலிப்பாடங்கள் அந்த மொழிகளுக்கு இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அந்த இடைவெளியில்தான் உங்கள் மகளுக்கான வேலை இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு என்னென்ன கற்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். ஒலியியல் முதலில் வர வேண்டும். ஜப்பானியர் ஒருவரின் வாயில் 'ல', 'ர' இரண்டும் ஏன் ஒன்றாகின்றன, 'ழ'வுக்கு நாக்கின் நுனி எங்கே செல்ல வேண்டும் என்பதை அவள் விளக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். பிராட் என்ற இலவச மென்பொருளில் தன் குரலை ஏற்றினால் குறிலும் நெடிலும் எத்தனை மில்லி விநாடி நீள்கின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்ட ஆடாசிட்டி போதும். அதற்கும் கட்டணம் இல்லை. காணொளியின் நடுவே கேள்வி எழுப்பும் பயிற்சிகளை எச்5பி என்ற கருவியில் உருவாக்கலாம். இவற்றோடு உரிமங்களைப் படிக்கக் கற்பது மிக முக்கியம். இணையத்தில் இருப்பதெல்லாம் எடுத்துக்கொள்ளத்தக்கது என்று பலர் நினைப்பது தவறு. தம் படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைப்பாளிகள் முன்கூட்டியே அறிவிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பெயர் குறிப்பிட்டால் போதும் என்பதும் உண்டு, வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பதும் உண்டு, மாற்றியமைக்கவே கூடாது என்பதும் உண்டு. தன்னார்வலர்கள் வாக்கியங்களைத் திரட்டும் தாதோயெபாவில் பெயர் குறிப்பிட்டு எடுக்கலாம். ஆனால் அங்குள்ள வாக்கியங்கள் அனைத்தும் தாய்மொழியாளரால் சரிபார்க்கப்பட்டவை அல்ல. 2017-இல் மொசில்லா தொடங்கிய காமன் வாய்ஸ் குரல் தொகுப்பு, பெயர் குறிப்பிடும் கட்டாயம்கூட இல்லாத உரிமத்தில் வெளியாகிறது.

பாடங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்கு, ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழிச் சட்டகம் நல்ல வழிகாட்டி. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். எத்தனை இலக்கண விதி தெரியும் என்று அது கேட்பதில்லை. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியுமா, வழி கேட்டுப் புரிந்துகொள்ள முடியுமா என்று செய்கையை வைத்தே அளக்கிறது. சான்றிதழ்களின் மேல் உங்களுக்கு இருக்கும் மதிப்பை இங்கே சற்றுக் குறைத்துக்கொள்ளவும் வேண்டுகிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள் உள்ளன. எதிலும் பேச்சுத் தேர்வு இல்லை, எழுத்துத் தேர்வும் இல்லை. வாசித்தும் கேட்டும் விடையைக் குறித்தால் போதும். தேர்வை எழுதட்டும், ஆனால் அதுவே இலக்காகிவிட வேண்டாம்.

ஜப்பானியத்தை விட்டுவிட வேண்டுமா என்று அவள் கேட்டாள். கூடாது. ஆசிரியராகப் போகிறவர் தாமும் ஒரு மொழியைக் கற்றுத் திணறிக்கொண்டே இருப்பது நல்லது. ஆனால் அவசரப்பட வேண்டாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் ஆங்கிலம் பேசும் அலுவலர்களுக்கு ஜப்பானியம் கற்பிக்க ஒதுக்கும் காலம் 88 வாரம், ஏறத்தாழ 2200 வகுப்பு மணி நேரம். வினை இறுதியில் வரும் வாக்கிய அமைப்பு நமக்குப் பழகியதால் நம் சுமையில் ஒரு பகுதி குறையும். அன்றாடப் பயன்பாட்டுக்கென வகுக்கப்பட்ட 2136 காஞ்சி எழுத்துகளின், அதாவது சீனத்திலிருந்து ஜப்பானியம் எடுத்துக்கொண்ட எழுத்துகளின், சுமை யாருக்கும் குறையாது.

செலவைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மேலே சொன்ன கருவிகளில் எதற்கும் இப்போதைக்குப் பணம் தேவையில்லை. ஆறு மாதத்தில் அயல்மொழியும் வெளிநாட்டு வேலையும் உறுதி என்று விளம்பரம் செய்யும் தொகுப்புப் பயிற்சிகளுக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஆண்டுச் சந்தா எதையும், மூன்று மாதம் இலவசமாகப் பயன்படுத்தி அவளே வேண்டும் என்று சொல்லும் வரை, வாங்காதீர்கள். பட்டப்படிப்பு அவசியம், மொழியியலோ மொழியிலக்கியமோ கடனில்லாமல் கட்டக்கூடிய கல்லூரியில் படிக்கட்டும். பின்னர் ஆசிரியப் பயிற்சியில் சேரும்போது ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: உண்மையான மாணவர் முன் எத்தனை மணி நேரம் பாடம் நடத்த விடுவீர்கள்? ஆங்கிலம் கற்பிப்போருக்கான கேம்பிரிட்ஜ் செல்டா பயிற்சி 120 மணி நேரம் நடக்கிறது. அதில் 6 மணி நேரம் கற்பவர்கள் முன் நின்று, பயிற்றுநர் பார்த்திருக்கப் பாடம் நடத்தியாக வேண்டும். நேரடிக் கற்பித்தலே இல்லாத பயிற்சிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

தொடக்கத்தில் வருமானம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். இதை மறைக்க மாட்டேன். தனி மாணவர்களிடமிருந்து தொடங்கி மொழிப்பள்ளிகள், பல்கலைக்கழக மொழித்துறைகள், பாடநூல் பதிப்பகங்கள், குரல் தொழில்நுட்ப நிறுவனங்கள் எனப் பாதை விரிய சில ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளைக் கடன் இல்லாமல் கடப்பவரால்தான் இத்தொழிலில் நிலைக்க முடியும். கடனைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

நான் சொல்வதை நம்புங்கள் என்று கேட்கவில்லை, சோதித்துப் பாருங்கள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும், கடல் கடந்து வளரும் தம் பேரனைப் பற்றிப் பெரியப்பா நேற்று இடையில் சொன்னார், நினைவிருக்கிறதா? சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. இறுதித் தேர்வு முடிந்ததும் உங்கள் மகள் அந்தப் பையனுக்கு எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம் பாடம் நடத்தட்டும். பாடங்களை அவளே எழுதி, அவளே ஒலிப்பதிவு செய்யட்டும். அவன் என்ன கேட்டான், எங்கே தயங்கினான், அடுத்த பாடத்தை அதற்கேற்ப எப்படி மாற்றினாள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். முதல் வாரத்தில் அவன் தாத்தாவிடம் தொலைபேசியில் பேசியதைப் பெரியப்பாவே பதிந்து வைக்கட்டும். எட்டாவது வாரத்திலும் பதியட்டும்.

இரண்டு பதிவுகளையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் வாருங்கள். அதுவரை கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடாதீர்கள். அடுத்த சந்திப்பில் முதல் அரை மணி நேரம் உங்கள் மகள் மட்டுமே பேச வேண்டும் என்பது என் நிபந்தனை.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்