நாசகாரிக் கப்பல் ஜான்ஸ்டனும் கமாண்டர் எவன்ஸும்: கேள்வி பதில்

1944 அக்டோபர் 25 காலையில் பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு அப்பால் அமெரிக்க, ஜப்பானியக் கடற்படைகளுக்கு இடையே ஒரு கடற்சண்டை நடந்தது. அதில் யூஎஸ்எஸ் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்க நாசகாரி (டெஸ்ட்ராயர் எனும் வேகமான சிறு போர்க்கப்பல்) மூழ்கியது. அதன் கேப்டன் எர்னஸ்ட் எவன்ஸுக்கு மரணத்துக்குப் பின் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான 'மெடல் ஆஃப் ஹானர்' வழங்கப்பட்டது. இதையொட்டி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: எவன்ஸ் நேரடியாக அதிகாரியாகச் சேர்ந்தவரா? நாசகாரி அனுபவம் எவ்வளவு?

இல்லை. ஓக்லஹோமாவின் பானீயில் 1908-ல் பிறந்த செவ்விந்தியர் அவர். முதலில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து ஓராண்டு வேலை பார்த்தார். 1927-ல் அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் இடம் கிடைத்தது, 1931-ல் தேறினார். ரோப்பர், ராத்பர்ன் ஆகிய பழைய நாசகாரிகளிலும், நாசகாரிகளுக்குப் பழுது பார்க்கும் துணைக்கப்பல் பிளாக் ஹாக்கிலும் இருந்திருக்கிறார். போர் மூண்டபோது ஆல்டன் என்ற, முதல் உலகப்போர்க் கால வடிவமைப்பு நாசகாரியில் இருந்தார். 1942 பிப்ரவரி 27 ஜாவா கடற்போரில் அந்தக் கப்பல் தொலைவிலிருந்து டார்பிடோ (நீருக்கடியில் தானே ஓடிப் போய் வெடிக்கும் ஆயுதம்) விட்டது, எதுவும் படவில்லை. நேசநாட்டுப் படை சிதறியது. ஆல்டனும் மற்ற மூன்று அமெரிக்க நாசகாரிகளும் பாலி நீரிணை வழியாக ஆஸ்திரேலியாவுக்குத் தப்பின. அடுத்த மாதமே ஆல்டன் அவர் தலைமைக்கு வந்தது.

கேள்வி: சென்னையில் குண்டு போட்ட எம்டனும் நாசகாரிதானே சார்?

இல்லைங்க. எம்டன் இலகு ரகக் குரூசர், நாசகாரியை விடப் பெரிய ரகம். ஜான்ஸ்டன் ஃப்ளெட்சர் வகுப்பு நாசகாரி: சுமார் 2,050 டன், 115 மீட்டர் நீளம், ஐந்து 127 மி.மீ. பீரங்கிகள், பத்து டார்பிடோக் குழாய்கள், 35 நாட் (மணிக்குச் சுமார் 65 கி.மீ.) வேகம். இன்றைய ஐஎன்எஸ் சென்னையும் நாசகாரிதான், ஆனால் எடை 7,000 டன்னுக்கு மேல். நாசகாரி என்ற பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: சமாருக்கு முன்பே எவன்ஸுக்குப் பதக்கம் கிடைத்ததாமே?

ஆமாம், வெண்கல நட்சத்திரம். 1944 மே 16-ல் பசிபிக்கில் பூகா தீவுக்கு அருகே ஹாகார்ட், ஃபிராங்க்ஸ், ஜான்ஸ்டன் என்ற மூன்று நாசகாரிகளும் சேர்ந்து ஐ-176 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தன. மூன்று கப்பல் எதற்கு என்று தோன்றும். நீர்மூழ்கியை மிக நெருங்கியதும் சோனார் (ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி) தொடர்பு அறுந்துவிடும். அன்றைய சாதாரண டெப்த் சார்ஜ் (நீரில் இறங்கி ஆழத்தில் வெடிக்கும் குண்டு) நொடிக்கு இரண்டரை மீட்டர் அளவில்தான் இறங்கும், 100 மீட்டர் ஆழம் போக 40 நொடி ஆகும். அதற்குள் நீர்மூழ்கி திரும்பிவிடலாம். ஆகவே ஒரு கப்பல் தள்ளி நின்று சோனாரில் பிடித்துக்கொண்டே இருக்க, இன்னொன்று மேலே போய்ப் போடும். தனியாக வேட்டையாடிய நாசகாரிகள் பல முறை கோட்டைவிட்டது இந்த 40 நொடியில்தான்.

கேள்வி: இவ்வளவு சிறிய கப்பல் குமானோ என்ற ஜப்பானியக் குரூசரின் முன்பகுதியை எப்படிப் பிய்த்தது?

ஒரே ஒரு டார்பிடோ. எதிரே இருந்த ஜப்பானியத் தளபதி குரிட்டாவின் படையில் யமாட்டோ உட்பட நான்கு பெரும் போர்க்கப்பல்கள், ஆறு கனரகக் குரூசர்கள், இரண்டு இலகு குரூசர்கள், பதினொரு நாசகாரிகள். இந்தப் பக்கம் ஆறு சிறு விமானந்தாங்கிகள், மூன்று நாசகாரிகள், நான்கு துணை நாசகாரிகள். அமெரிக்கத் தளபதி ஸ்ப்ரேகின் தாக்குதல் உத்தரவு வருமுன்பே எவன்ஸ் கப்பலைத் திருப்பிவிட்டார்.

குமானோவைக் குறிவைத்துப் பீரங்கியில் 200 குண்டுகளுக்கு மேல் சுட்டபடி நெருங்கி, சுமார் 9 கி.மீ. தூரத்தில் பத்து டார்பிடோக்களையும் விட்டார். அதன் மார்க் 15 ரக டார்பிடோவுக்கு மூன்று வேக அமைப்பு உண்டு: 45 நாட்டில் சுமார் 5.5 கி.மீ. ஓடும், 33 நாட்டில் 9 கி.மீ., 26 நாட்டில் கிட்டத்தட்ட 14 கி.மீ. நடு வேகத்தில் 9 கி.மீ. ஓட ஏறத்தாழ ஒன்பது நிமிடம். அதற்குள் 30 நாட்டில் போகும் குரூசர் 8 கி.மீ. நகர்ந்துவிடும். அதனால்தான் விசிறி போல் பரப்பி விடுவது. ஒன்று பட்டாலே பெரிது.

1942-ல் இதே தாக்குதல் நடந்திருந்தால் அந்த ஒன்றும் வெடித்திருக்குமோ என்னவோ. அப்போது அமெரிக்க டார்பிடோக்கள் குறித்த ஆழத்துக்குக் கீழே ஓடின, வெடிப்பானும் பழுதுபட்டிருந்தது. இவை சரிசெய்யப்பட்டது 1943-ல்.

கேள்வி: பெரிய பீரங்கிக் குண்டு பட்டும் உடனே ஏன் மூழ்கவில்லை?

அந்தக் குண்டுகள் கவசத் துளைப்பு ரகம். தடித்த கவசத்தைத் துளைத்து உள்ளே போனபின் வெடிக்கும்படி தாமதம் வைத்தவை. நாசகாரியின் மெல்லிய தகட்டில் பட்டால் தகர டப்பாவில் ஆணி அடித்தது போல் மறுபக்கம் போய்விடும், பல வெடிக்கவே இல்லை. ஆனால் வழியில் எஞ்சினோ பாய்லரோ இருந்தால் அது போனதுதான். 7.30 மணியளவில் பட்ட அடிகளில் ஜான்ஸ்டனுக்கு நேர்ந்தது அதுவே. பின்புற பாய்லர் அறையும் எஞ்சின் அறையும் போயின, வேகம் 17 நாட்டுக்கு இறங்கியது. எவன்ஸின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

கேள்வி: பாதி எஞ்சின் போனபின் எப்படி ஓடியது? சுக்கான்? (மரைன் எஞ்சினியரிங் மாணவர்)

ஃப்ளெட்சர் வகுப்பில் நான்கு பாய்லர்கள், இரண்டு டர்பைன் தொகுதிகள், புரொபெல்லர்களைச் சுழற்றும் இரண்டு தண்டுகள். அறைகளின் வரிசையைக் கவனியுங்கள்: பாய்லர், எஞ்சின், மறுபடி பாய்லர், எஞ்சின். பாய்லர்களை எல்லாம் ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஒரு குண்டில் முழு நீராவியும் போயிருக்கும். இப்படிப் பிரித்ததால் முன்ஜோடி ஒரு தண்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. கணக்குப்படி பாதிச் சக்தியில் 17-ஐ விட நிறையக் கிடைக்க வேண்டும். உள்ளே புகுந்த நீரின் எடையும் சும்மா இழுபடும் மறு புரொபெல்லரும் அதைத் தின்றுவிடும்.

சுக்கான் எந்திரத்துக்கு மின்சாரம் நின்றதும் கையால் சுழற்ற வேண்டியதாயிற்று. பிரிட்ஜில் (கப்பலை நடத்தும் மேல்தளம்) நிற்க முடியாமல் போனபின் எவன்ஸ் பின்தளத்துக்கு வந்து, திறந்த மூடி வழியாகக் கீழே சுக்கான் சுழற்றுவோருக்குக் கத்தி உத்தரவு கொடுத்தார். கைரோ திசைகாட்டியும் கெட்டிருந்தது. நடுவில் வந்த மழை மறைப்பில்தான் பீரங்கிகளுக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்க முடிந்தது.

கேள்வி: புகைத்திரை எப்படிப் போடுவார்கள்?

இரண்டு வழி. பாய்லரில் எண்ணெய்க்கு ஏற்ற காற்றைக் குறைத்தால் கரும்புகை. பின்தளத்து ரசாயனப் புகையாக்கியிலிருந்து வெண்புகை. எதிரி பெரும்பாலும் கண்பார்வைக் குறியை நம்பிச் சுட்டதால் இது நன்றாக வேலை செய்தது.

கேள்வி: குரிட்டா பயந்து திரும்பினாரா அண்ணா?

பயம் என்று எழுதுவது சோம்பேறித்தனம். எதிரே இருப்பது பெரிய விமானந்தாங்கிப் படை என்று தவறாக எடைபோட்டார், விமானங்கள் விடாமல் தாக்கின, அணி சிதறியிருந்தது. ஜான்ஸ்டன் மட்டுமே திருப்பியது என்பதும் மிகை. ஹோயல், சாமுவேல் பி. ராபர்ட்ஸ் ஆகிய அமெரிக்கக் கப்பல்களும் அன்று மூழ்கின. ஜான்ஸ்டன் தெளிவாகச் செய்தது இரண்டு: குமானோவைப் போரிலிருந்தே விலக்கியது, டார்பிடோ தீர்ந்தபின்னும் ஜப்பானின் யஹாகி குரூசரும் நாசகாரிகளும் வந்த வரிசையைக் குறுக்கே போய்ச் சுட்டது. அந்த வரிசை அவசரப்பட்டு தொலைவிலேயே டார்பிடோக்களை விட்டது, ஒன்றும் படவில்லை. என் கணிப்பில் இரண்டாவதே பெரிது.

கேள்வி: எத்தனை பேர் பிழைத்தார்கள்? கப்பல் கிடைத்ததா?

9.45-க்குக் கப்பலைக் கைவிட உத்தரவு, 10.10-க்கு மூழ்கியது. 327 பேரில் 141 பேர் பிழைத்தனர். நீரில் மிதந்தவர்கள் சுமார் இரண்டு நாள் காத்திருந்தனர், தேடியவர்களுக்குக் கிடைத்த இடக்குறிப்பு தவறு. எவன்ஸ் கிடைக்கவே இல்லை. கப்பலின் சிதைவு 2019-ல் தென்பட்டது. 2021 மார்ச்சில் 6,456 மீட்டர் ஆழத்துக்கு ஆளிருந்த நீர்மூழ்கு கலத்தில் இறங்கி, முன்பகுதியிலிருந்த 557 என்ற கப்பல் எண்ணைப் பார்த்து உறுதி செய்தனர். அடுத்த ஆண்டு கிடைத்த சாமுவேல் பி. ராபர்ட்ஸ் இன்னும் ஆழத்தில், 6,895 மீட்டரில் கிடக்கிறது.