ஆப்டிகல் சிப்பில் கார்பன் நானோகுழாய்: கேட்டவையும் சொன்னவையும்

சார், ஒளியால் தரவு அனுப்பும் ஆப்டிகல் சிப்புக்கு, சிலிக்கானிலேயே ஒளி உண்டாக்க முடியாதா? கார்பன் அணுக்களாலான நுண்ணிய குழாய், இந்த நானோகுழாய் எதற்கு?

சிலிக்கான் ஒளியைக் கடத்தும்; உண்டாக்கச் சொன்னால் கைவிரித்துவிடும். எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) சேரும்போது ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகவே போய்விடுகிறது. அதனால்தான் இண்டியம் பாஸ்பைடு என்ற வேறு அரைக்கடத்தியில் லேசரை வெளியில் செய்து சிப்பில் ஒட்டுகிறார்கள். செலவு பிடித்த வேலை. மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் நானோகுழாயைக் கரைசலாகச் சொட்டவிடலாம்.

சொட்டினால் சரியான இடத்தில் போய் உட்காருமா?

உட்கார வைக்கலாம். ஒளி ஓடும் வேவ்கைடின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு உலோக மின்முனைகள். மேலே ஒரு சொட்டு கரைசலை விட்டு, ஏசி மின்னழுத்தம் கொடுத்தால் குழாய்கள் இடைவெளிக்கு இழுபட்டு, வேவ்கைடுக்குக் குறுக்கே பாலமாகப் படியும். அப்புறம் கழுவி உலர்த்தினால் சரி. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்ப நிறுவனத்தார் சிலிக்கான் நைட்ரைடு வேவ்கைடு மேல் நானோகுழாயை வைத்து, மின்சாரம் பாய்ச்சி, ஒளியை நேராக வேவ்கைடுக்குள் அனுப்பிக் காட்டினார்கள். 2016-ல் வேவ்கைடில் வரிசையாகத் துளை போட்டு, குறுகிய அலைநீளப் பட்டையில் மட்டும் ஒளி வரச் செய்தார்கள். எனக்குப் பிடித்த வேலை அதுதான்.

சூடாகித்தான் ஒளிர்கிறது என்கிறார்களே, அப்படியானால் மெதுவாகத்தானே இருக்கும்?

சூட்டில் ஒளிரும் வகை உண்டு. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். குழாயின் விட்டம் சுமார் 1 நானோமீட்டர்தான். வெப்பத்தைத் தேக்கி வைக்க அதில் இடமே இல்லை. இருப்பதும் அடித்தளத்துக்கு உடனே இறங்கிவிடும். குண்டு பல்பை இப்படி விட்டுவிட்டு எரிய வைக்க முடியாது. இதைக் கிகாஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது நொடிக்கு நூறு கோடி முறை அளவில், முடியும்.

அப்போ லேசரை ஓரங்கட்டிவிடுமா அண்ணா?

விடாது. வேகம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. பத்தாயிரம் எலக்ட்ரான் பாய்ந்தால் ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) வருவதே பெரிது. தரவு மையத்துக்கு இது போதாது. ஒரு நேரத்தில் ஒரே ஃபோட்டான் கேட்கும் குவாண்டம் சிப்புக்குத்தான் இது தோதுப்படும் என்பது என் கணக்கு. 2016-ல் நானோகுழாயையும் மீக்கடத்தி (கடும் குளிரில் மின்தடையே இல்லாத பொருள்) உணரிகளையும் ஒரே சிப்பில் வைத்து அதைக் காட்டிவிட்டார்கள்; ஆனால் கடும் குளிரில்.

கல்லூரி புராஜெக்ட்டாக எடுக்கலாமா? ஒளியை ஃபோன் கேமராவில் பார்க்க முடியுமா?

1.3, 1.55 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளி ஃபோனில் தெரியாது. அதன் உணரியும் சிலிக்கான்தானே, இந்த ஒளி அதில் பதியாது! இண்டியம் காலியம் ஆர்சனைடு கேமரா வேண்டும், விலை அதிகம். சிமுலேஷனாக எடுங்கள். உலர்ந்த நானோகுழாய்த் தூளை மட்டும் ஹாஸ்டல் அறையில் பிரிக்காதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது.