பஞ்சரே இல்லாத டயரில் காற்று இறங்குவது ஏன்?

கேள்வி: என் காரின் பின்பக்க டயர் ஒன்றில் மட்டும் பத்து நாளுக்கு ஒருமுறை 33 பிஎஸ்ஐயிலிருந்து (காற்றழுத்த அளவு) 25-க்குக் காற்று இறங்கிவிடுகிறது. இரண்டு முறை பஞ்சர் பார்த்தும் ஆணி எதுவும் இல்லை என்கிறார்கள். டயரையே மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். நான் மாற்றிப் பார்த்து ஏமாந்தவன். இதே தொல்லையால் ஏழெட்டு மாதம் காற்றடித்தே அலுத்துப்போய், டயர் பழசாகிவிட்டதுதான் காரணம் என்று ஒருவர் சொன்னதை நம்பிப் புது டயர் வாங்கிப் போட்டேன். பதினைந்தாம் நாள் காலையில் பார்த்தால் அந்தப் புது டயரும் பழைய டயரைப் போலவே அடியில் பிதுங்கிக்கொண்டு நின்றது. குற்றம் டயரில் இல்லை, டயர் உட்கார்ந்திருக்கும் ரிம்மில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அதன் பிறகு எனக்கு ஒரு மாலைப்பொழுதும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும்தான் தேவைப்பட்டன. அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ட்யூப் இருந்த காலத்தில் காற்று ஒரு பைக்குள் இருந்தது. பையில் ஓட்டை என்றால் பஞ்சர், இல்லையென்றால் வால்வு என்று கதை முடிந்துவிடும். இப்போதைய ட்யூப்லெஸ் சக்கரத்தில் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் வேலையைப் பல பாகங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. டயரின் உட்புறத்தில் காற்றை எளிதில் கசியவிடாத ப்யூட்டைல் வகை ரப்பர் படலம் ஒன்று இருக்கிறது. டயரின் இரு பக்கத்து விளிம்புகளும், அதாவது பீடிங் என்று சொல்லப்படும் கம்பி வைத்த தடித்த வளையங்கள், ரிம்மின் மீது அழுந்தி இரண்டு வட்டங்களில் காற்றை அடைக்கின்றன. வால்வின் அடிப்பகுதி ரிம்மில் போட்ட துளையை அடைக்கிறது. வால்வுக்குள் இருக்கும் ஊசி வால்வையே அடைக்கிறது. இவை எல்லாவற்றையும் தாங்கும் ரிம்மின் உலோகத்தில் கீறல் இருக்கக் கூடாது. 'பஞ்சர் இல்லை' என்று உங்களிடம் சொன்னவர் தரையில் உருளும் பகுதியைப் பார்த்துவிட்டு அதற்கு மட்டும் நற்சான்று கொடுத்திருக்கிறார். மற்ற இடங்களை யாரும் இன்னும் பார்க்கவில்லை.

தேடத் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் அளந்து பாருங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்வது வீண். இன்றைய ரேடியல் டயர்கள் காற்று சரியாக இருக்கும்போதே அடியில் சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும். காற்றழுத்தத்தை அளக்கும் கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், நான்கு டயர்களையும் அதே கேஜால் அளந்து எழுதி வையுங்கள். ஓடி வந்த டயர் சூடாகி அழுத்தம் பல பிஎஸ்ஐ கூடியிருக்கும் என்பதால், குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு எடுத்த அளவுக்குத்தான் மதிப்பு. வேறு வேறு இடங்களில் இருக்கும் கேஜ்களை நம்பினால் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடே உங்களுக்குக் கசிவாகத் தெரியும்.

நான்கையும் அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லா டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே இழக்கும். ரப்பர் வழியே காற்று மெல்ல ஊடுருவிப் போவது இயல்பு. அதோடு, வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். என் நோட்டில் ஒரு நாள் நான்கு டயர்களும் ஒரே அளவுக்கு இறங்கியிருந்ததைப் பார்த்து முதலில் திடுக்கிட்டேன். முந்தைய இரவு குளிர்ந்திருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. நான்கும் சேர்ந்து இறங்கினால் அது பருவத்தின் வேலை. மற்ற மூன்றும் அசையாமல் நிற்க ஒன்று மட்டும் இறங்கினால்தான் அது கசிவு.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பத்து நாளில் 8 பிஎஸ்ஐ என்பது பெரிய இழப்பாகத் தோன்றும். ஆனால் சுமார் 30 லிட்டர் கொள்ளளவுள்ள டயரில் இதைக் கணக்கிட்டால், வெளியேறும் காற்று வெளி அழுத்தத்தில் 16 லிட்டர் அளவுதான். அதைப் பத்து நாளின் நொடிகளுக்குப் பிரித்துப் போட்டால், நொடிக்கு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள ஒரே ஒரு குமிழி. அதுவும் ஒரே துளையில் வந்தால்தான் குமிழி. விளிம்பில் ஓரிரு அங்குல நீளத்துக்குப் பரவி வந்தால் கண்ணுக்கு எட்டாத நுண்ணிய நுரை. சக்கரத்தைத் தொட்டியில் முக்கி அரை நிமிடம் உருட்டிப் பார்ப்பவருக்கு இது தெரியவில்லை என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது. ரப்பரின் மேல் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளே அப்போது அதைவிட அதிகமாகக் கிளம்பும்.

முதலில் வால்வைப் பாருங்கள், ஏனென்றால் இதற்குச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். மூடியைத் திருகி எடுத்துவிட்டு, வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சிலையோ சோப்புத் தண்ணீரையோ படலமாக நிற்கும்படி வையுங்கள். படலம் மெல்ல உப்பினால் உள்ளே இருக்கும் ஊசி கசிகிறது. 1890-களில் உருவான அதே ஷ்ராடர் வால்வுதான் இன்றும் கார்களில் இருக்கிறது என்பதால் ஊசி எங்கும் கிடைக்கும்; அதற்கான சிறு சாவியால் கழற்றிப் புதியதைப் போட ஐந்து நிமிடம் போதும். அதிகம் இறுக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். அடுத்து வால்வின் அடியைச் சோப்புத் தண்ணீரால் நனைத்து, வால்வை விரலால் நாலா பக்கமும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சும்மா நிற்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு சாய்க்கும்போது வாய் திறக்கும். வயதான ரப்பர் வால்வுகள் அடியில் வளையமாக வெடிப்பது மிகச் சாதாரணம். டயர் மாற்றும்போது வால்வையும் சேர்த்து மாற்றாமல் விட்டவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டியானால் வால்வின் அடியில் இருக்கும் சிறு ரப்பர் வளையத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

ஆணி இல்லை என்ற தீர்ப்பையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். தலையில்லாத மெல்லிய கம்பித் துண்டு பள்ளங்களுக்குள் புதைந்துகொண்டால், அது தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். அந்த இடம் தரையில் பட்டு வளையும்போது மட்டும் சிறிது காற்று போகும். பழைய ஒட்டு ஏதேனும் இருந்தால் அதுவும் அப்படித்தான், குறிப்பாக வெளியிலிருந்து திரியைச் செருகி அடைத்த ஒட்டு. இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, சந்தேகத்துக்குரிய சக்கரத்தைச் சரியாகக் காற்றடித்து ஒரு மூலையில் ஒரு வாரம் படுக்க வையுங்கள். பாரம் இல்லாமலும் அதே வேகத்தில் இறங்கினால் வால்வு, விளிம்பு, ரிம் ஆகியவற்றில் ஒன்று. இறங்காமல் நின்றால், ஓடும்போது மட்டும் வாய் திறக்கும் துளையோ கீறலோ இருக்கிறது.

என் சக்கரம் படுத்துக்கொண்டும் இறங்கியது. அப்போதுதான் விளிம்பின் மேல் சந்தேகம் வந்தது. விளிம்பைச் சோதிக்கச் சக்கரத்தைச் செங்குத்தாக வைத்துச் சோப்பு நீரைத் தெளிப்பதில் பயனில்லை, தண்ணீர் வழிந்து ஓடிவிடும். தரையில் படுக்க வைத்து, டயரும் ரிம்மும் சந்திக்கும் இடத்தில் சுற்றிலும் ஓடும் அந்தக் குறுகிய பள்ளத்தில், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரைக் குளம் போல நிற்கும்படி ஊற்ற வேண்டும். ஊற்றும்போது எழும் நுரையை விரலால் வழித்து எறிந்துவிட்டுப் பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் நான் காத்திருந்த பத்து நிமிடமும் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. புரட்டிப் போட்டு உட்பக்கத்தில், அதாவது வண்டியை நோக்கி இருக்கும் பக்கத்தில் ஊற்றினேன். ஆறேழு நிமிடம் கழித்து, வால்வுக்கு நேர் எதிரே, ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு வெண்மையாக ஏதோ தோன்றியது. அதை வழித்துவிட்டேன். மறுபடியும் அதே இடத்தில், சிறு வெண்புழு ஒன்று நெளிந்து வெளியே வருவதைப் போல நுரை திரண்டு வந்தது. ஏழெட்டு மாதமாக என்னை அலைக்கழித்தது அந்தக் கட்டைவிரல் நீளம்தான். டயரிலும் ரிம்மிலும் அந்த இடத்தைச் சாக்குக் கட்டியால் குறித்து வைத்தேன்.

டயரைக் கழற்றிய பிறகு காரணம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அலாய் ரிம்மின் மேல்பூச்சு அந்த இடத்தில் உப்பி உரிந்து, அடியில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. இரும்பு ரிம் என்றால் துருவாக இருந்திருக்கும். கழுவும்போது வெளிப்பக்கத்தை மட்டுமே துடைக்கிறோம். ஈரமும் சேறும் பிரேக் தூளும் உட்பக்கத்தில் தங்கிவிடுகின்றன. அரிப்பு ஒரு தாள் கனத்துக்குப் புடைத்தாலே ரப்பர் அங்கே சரியாக உட்காராது. புது டயரைப் போட்டவர் இந்தப் பொடியின் மேலேயே டயரை ஏற்றிவிட்டிருந்தார் என்பதில் எனக்கு இன்றும் சிறு கோபம் உண்டு. டயரைக் கழற்றியபோது ரிம்மின் விளிம்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்திருந்தால் போதும். பரிகாரம் எளிது: கம்பிப் பிரஷால் அரிப்பை உலோகம் தெரியும் வரை சுரண்டி, மழமழப்பாக்கி, விளிம்பில் பூசுவதற்கென்றே உள்ள பீட் சீலர் என்ற கருப்புப் பசையை மெல்லியதாகப் பூசி டயரை மறுபடி ஏற்றுவது. அடுத்த மாத அளவுகளில் அந்தச் சக்கரம் மற்ற மூன்றோடும் சேர்ந்தே நின்றது.

சுரண்டிப் பூசியும் நிற்கவில்லை என்றால் ரிம்மே வளைந்திருக்கலாம். குழியில் பலமாக இறங்கிய வண்டிகளில் ரிம்மின் உட்பக்க விளிம்புதான் பெரும்பாலும் அடி வாங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சக்கரத்தைப் பேலன்ஸ் செய்யும் எந்திரத்தில் சுழலவிட்டால் நெளிவு அப்பட்டமாகத் தெரியும். அலாய் ரிம்மில் மயிரிழைக் கீறல் இருந்தால் அதைப் பற்றவைத்து ஓட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் வண்டியில் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்; ரிம்மை மாற்றிவிடுவேன்.

இரண்டு குறுக்குவழிகளை உங்களுக்குப் பலர் சொல்வார்கள். ஒன்று, நைட்ரஜன் அடிப்பது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ரப்பர் வழியே ஊடுருவிப் போவதை அது சற்றுக் குறைக்கலாம், ஆனால் விளிம்பில் இருக்கும் இடைவெளி எந்த வாயுவையும் பார்த்து ஒதுங்கி நிற்காது. மற்றொன்று, வால்வு வழியே ஊற்றும் அடைப்புத் திரவம். நடுவழியில் சிக்கிக்கொண்டால் அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அது உள்ளே பரவிக் காய்ந்த பிறகு ஒட்டுப்போடுவது தொல்லை, சென்சார் இருந்தால் அதையும் கெடுக்கக்கூடும், கசிவு எங்கே என்ற தடயமும் அழிந்துவிடும்.

எதற்காக டயரைக் கழற்றினாலும் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றுக் குறைந்த நிலையில் நெடுந்தூரம் ஓடிய டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி, உள்ளே கருப்பு ரப்பர் தூளைக் கொட்டியிருக்கும்; சுற்றிலும் வளையமாகத் தேய்ந்த தடமும் தெரியும். அப்படி இருந்தால், கசிவு வேறெங்கோ இருந்தாலும், அந்த டயரைத் திரும்ப மாட்டக் கூடாது. தரையில் படும் பகுதியில் 6 மில்லிமீட்டர் வரையிலான துளையை உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போட்டு அடைக்கலாம். தோள்பகுதியிலோ பக்கச்சுவரிலோ துளை என்றால் டயரை மாற்றத்தான் வேண்டும். டயரின் வயதை அறியப் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

இரண்டு முறை பார்த்தும் ஆணி இல்லை என்பதையும், நீங்கள் சொல்லும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், எனக்கு முதல் சந்தேகம் உட்பக்க விளிம்பின் மேல், அடுத்தது வால்வின் அடியின் மேல். வால்வை இன்றே பார்த்துவிடலாம். அது சரியாக இருந்தால், சக்கரத்தைக் கொண்டுபோகும்போது 'பஞ்சர் பாருங்கள்' என்று சொல்லாதீர்கள். 'படுக்க வைத்து இரண்டு பக்கத்து விளிம்பிலும் சோப்புத் தண்ணீரைத் தேக்கிப் பத்து நிமிடம் பாருங்கள்' என்று சொல்லுங்கள். அவர் சிரித்தால், வாளியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.