'முடியுமா அண்ணே?' என்று கேட்க வேண்டாம்

கேள்வி: ஷூ கம்பெனியில் 9 வருடம் தையல் மெஷினில் இருந்தேன். 3 மாதமாக சூப்பர்வைசர். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், அவ்வளவுதான். தன்மையாகச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. ஒருநாள் சத்தம் போட்டேன். "இன்னாம்மா, வந்ததும் அதிகாரம் பண்றே?" என்றார் மெக்கானிக். பக்கத்து லைன் அண்ணன் தினமும் கத்துகிறார், அவருக்குக் 'கண்டிப்பானவர்' என்று பெயர். நானும் அப்படி மாற வேண்டுமா?
- வாசகி, ராணிப்பேட்டை

பதில்: அன்புத் தங்கைக்கு, மாற வேண்டாம். மாறினாலும் அவருக்குக் கிடைக்கிற பெயர் உங்களுக்குக் கிடைக்காது. படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது, ஆனால் உண்மை அதுதான்.

விக்டோரியா பிரெஸ்கால், எரிக் உல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. வேலை விஷயத்தில் ஆண் கோபப்பட்டால் அவர் மதிப்பு ஏறுகிறது, பெண் கோபப்பட்டால் இறங்குகிறது. ஆணுக்கு ஏதோ நடந்திருக்கிறது, அதனால் கோபம் என்று நினைக்கிறார்கள். பெண்ணுக்கோ சுபாவமே அப்படி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் கோபத்துக்கு வெளியே இருக்கும் காரணத்தையும் சேர்த்துச் சொன்னபோது அந்த வித்தியாசம் இல்லாமல் போனது. உங்களுக்கு உதவப் போவது இந்தக் கடைசி விஷயம்தான்.

மெக்கானிக்கிடம் இப்போது எப்படிச் சொல்கிறீர்கள்? "கோவிச்சுக்காதீங்கண்ணே, அந்த மெஷினைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்றுதான் இருக்கும். நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் கடைக்குப் போவதற்குக்கூட "போகட்டுமா?" என்று கேட்டே வளர்கிறோம். அந்தப் பழக்கம் லைனுக்கும் வந்துவிடுகிறது. "முடியுமா" என்றதும் முடிவு அவர் கைக்குப் போய்விடுகிறது. "பார்க்கலாம்மா" என்று டீ குடிக்கப் போய்விடுவார்.

நாளைக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, 6-வது மெஷின்ல தையல் விட்டு விட்டு விழுது. 11 மணிக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லேன்னா மத்தியானம் லாஸ்டிங்குக்கு அப்பர் போகாது." (மற்ற வாசகர்களுக்கு: அப்பர் என்பது ஷூவின் மேல்பாகம், லாஸ்டிங் என்பது அதை அச்சில் இழுத்துப் பொருத்தும் வேலை.) காரணம் அதிலேயே இருக்கிறது, சத்தம் தேவையில்லை. அண்ணே என்பதையும் விட வேண்டாம், மரியாதை யாரையும் சின்னவராக்காது. சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள். அவர் பதில் சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள்.

அப்புறம், எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது மேனேஜர் செய்த தவறு. உங்களிடம் மட்டும் சொன்னார், லைனில் சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள். 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் என்ற பெண் டாக்டர் தொடங்கியது. 1918-ல் அவர் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியில் பெண்கள் மட்டும்தான் படித்தார்கள், ஆண்களைச் சேர்த்தது 1947-ல். அங்கே ஒரு பெண் டாக்டர் "நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க" என்றால் மீசை நரைத்த பெரியவரும் தலையாட்டிவிட்டுப் போகிறார். அதிகாரம் பண்ணுகிறாள் என்று யாரும் சொல்வதில்லை. அவர் சொல்ல வேண்டியவர் என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் லைனில் அதை யாரும் சொல்லவே இல்லையே!

அதனால் மேனேஜரிடம் போய், காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோர் முன்னாலும், மெக்கானிக்கையும் வைத்துக்கொண்டு, இந்த லைனுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். தயங்கினால், டார்கெட் குறைந்தால் யாரைக் கேட்பீர்கள் என்று கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.